வானொலிக் களஞ்சியம் நம் வீட்டு அலுமாரிகளில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்கட்கு,

அறுபதுகளின் இலங்கை வானொலிக் கலைஞர்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். அந்நாளைய பதிவுகள் அழிந்துபோனதற்கு வானொலி நிலையத்தை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரித்தானியாவின் பிபிசியும் பதிவுகளை அழிக்கத்தான் செய்தது. ஒலிநாடா விலை கூடின பொருள் என்பதால், ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிந்தார்கள்.

பிபிசியில் இசைத்தட்டுகளை ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் ஒலிபரப்பலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. மிச்ச நேரத்தை நிரப்பக் கலைஞர்களைக் கலையகத்துக்கே கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். ஆங்கிலப் பாடகர்களான பீற்றில்ஸ் குழுவினர் 1962 முதல் 1965 வரை 88 பாட்டுகளை மொத்தம் 275 தடவை பிபிசி வானொலிக்காகப் பாடினார்கள். அவற்றில் 36 பாட்டுகளை அந்நாளில் அவர்கள் இசைத்தட்டாக வெளியிடவே இல்லை. 1994இல் ஒரு பகுதி ஆல்பமாக வந்தபோது, நிலையத்தில் இல்லாத பதிவுக்கு யாரோ ஒரு ரசிகர் வீட்டு றேடியோவிலிருந்து பதிந்து வைத்திருந்த நாடாதான் கைகொடுத்தது. அப்படிப்பட்ட நாடாக்கள் கைக்குக் கை பிரதியாகிப் பரவியதால்தான் தப்பின. வெற்று நாடாவும் தபால் செலவும் அனுப்பினால் போதும், காசு வாங்கக் கூடாது என்பது அந்தச் சேகரிப்பாளர்களுக்குள் எழுதாத சட்டம்.

நம்மவர்களிடம் அந்தப் பழக்கம் குறைவு. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் தனியாக வாசித்த தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்களைச் சந்தித்திருக்கிறேன். கேட்டால், "அது கிடக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்பார்கள். எங்கள் திருகோணமலைப் பாடகர்கள் பரமேஸ், கோணேஸ் பாடியவற்றை வைத்திருப்பவர்களும் அப்படித்தான். இதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள இந்த ஊரில் அலுமாரிக்குள் கிடக்கும் நாடா பூஞ்சணம் பிடிக்கும். பழைய அசெற்றேற்று நாடா என்றால் பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணக்கும். அப்படி மணந்தால் இனிப் பொறுக்க நேரமில்லை.

உவர்மலையில் ஒரு வீட்டில் அண்மையில் ஸ்பூல் நாடா (சுருளில் சுற்றிய ஒலிநாடா) ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். றேடியோப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தது. கச்சேரிக்கு நடுவில் சேவல் கூவுகிறது, "சோறு ஆறுது, வா தம்பி" என்று ஒரு அம்மா கூப்பிடுகிறா. மத்திய அலை ஒலிபரப்பின் சத்தம் ஒருக்கால் தேய்ந்து மறுபடி ஏறுகிறது. ஆனால் அறிவிப்பாளர் வித்துவான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வது தெளிவாகக் கேட்கிறது. பிரதி எடுக்கும்போது நம் பெடியள் முதலில் வெட்டி எறிவது இந்த அறிவிப்பைத்தான்! பிறகு இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டு, அதோடு தம்புராவையும் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து முதற்பிரதியில் கை வைக்காதீர்கள். ஒலியைச் சுருக்கும் எம்பி3 இல்லாமல், சுருக்காத வேவ் கோப்பாக, குறைந்தது 24 பிட், 48 கிலோஹேர்ட்சில் எடுத்து வையுங்கள். துப்புரவு செய்வதை வேறொரு பிரதியில் செய்யலாம். நாடாப் பெட்டியில் எழுதியிருப்பதையும் படம் எடுத்து வைத்தால் நல்லது.

சட்டத்துக்குப் பயந்து ஒளித்து வைப்பவர்களும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிபரப்புக்கான உரிமை 50 ஆண்டுகளுக்குத்தான். பாடலை ஆக்கியவரின் உரிமை அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை இருக்கும். ஆகவே இணையத்தில் ஏற்றுமுன் அவர்களின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை. கேட்டால் பெரும்பாலும் சந்தோசமாகச் சம்மதிக்கிறார்கள், தங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்கிறார்கள். இதில் விற்பனைக்கு இடமே இல்லை. கலைஞனுக்கு ஒரு சதமும் போகாமல் இறுவட்டு அடித்து விற்பவர்களை நான் சேகரிப்பாளர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜெர்மன் வானொலி ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்தத் திருகோணமலை மண்ணிலிருந்துதான் ஆசியாவுக்குத் தன் நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்தது. அவ்வளவு பெரிய கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த ஊரில், பழைய நாடாவைப் பிரதி எடுக்க ஒரு பொது இடம் இல்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமிக்கும் நூலகம் நிறுவனம் ஒலிக் கோப்புகளையும் ஆவணப்படுத்துகிறது. அங்கு கொடுக்குமுன் நாடாவை ஓட்டியாக வேண்டுமே. ஓடக்கூடிய ஸ்பூல் மெசின் ஒன்று என்னிடம் இருக்கிறது. திருகோணமலை, மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் யாரிடமாவது நாடா இருந்தால் உங்கள் பத்திரிகை மூலம் அறிவிக்கட்டும். காசு வேண்டாம், நாடாவும் திரும்பக் கிடைக்கும். பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் தாங்களாக ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.