எண்ணெய் பாட்டில் வந்து சேர்ந்தது, அம்மா

வின்னிபெக்,
டிசம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் எண்ணெய் பாட்டிலும் வந்து இரண்டு வாரமாகிறது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

செல்வி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தைக்கு அதிக நாள் இல்லை. தினமும் தலை நிறைய எண்ணெய் வைத்தும் முடி கொட்டுகிறது, பொடுகு போகவில்லை, நெற்றியில் பரு என்று எழுதியிருந்தாய். மூன்றும் வெவ்வேறு சங்கதி. முடி கொட்டுவதற்கு ஆவணியில் அவளுக்கு வந்த காய்ச்சல்தான் காரணமாக இருக்கும். கடுங்காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். எண்ணெய் அதை நிறுத்தாது. ரத்தத்தில் இரும்புச் சத்தும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொடுகு போகும் வரை உச்சந்தலையில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பொடுகைக் கிளப்பும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ வாங்கி, வாரம் 2 முறை, நுரையை 5 நிமிடம் தலையில் விட்டு அலசட்டும். நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பரு நெற்றி ஓரமாகவே வருகிறது என்றால், தலை எண்ணெய் வழிந்து தோலின் துளையை அடைக்கிறது. எண்ணெயோடு படுக்க வேண்டாம், தலையணை உறையை அடிக்கடி மாற்று. கல்யாணக் களை வரும் என்று நீ அவள் முகத்தில் தடவிவிடுவதையும் நிறுத்திவிடு அம்மா.

அதற்காக எண்ணெயை அடியோடு ஒதுக்க வேண்டாம். காதுக்குக் கீழே இருக்கும் பழைய முடிக்குத்தான் அது வேண்டும். தண்ணீரில் முடி ஊதும், காய்ந்தால் சுருங்கும். அப்படி ஊதிச் சுருங்கியே நைந்து போகிறது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, அதனால் முடிக்குள்ளேயே இறங்கும். 2003இல் வெளிவந்த ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் எண்ணெயையும் இதோடு வைத்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதனால் குளித்த பிறகு தடவுவதைவிட, அலசுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவுவதே பலன். இடுப்பு வரையுள்ள முடிக்கு 2 டீஸ்பூன் போதும். நீ ஊற்றுகிற அளவுக்கு ஊற்றினால், அதை எடுக்க இரண்டு தரம் ஷாம்பூ போட்டு மறுபடி முடியை வறட்டிவிடுவாள்.

இங்கே வெளியே 25 டிகிரி குளிர், சைபருக்குக் கீழே. வீட்டுக்குள் சூடு 20 வைத்திருக்கிறேன், அது போதும் எனக்கு. தேங்காயெண்ணெய் 24க்குக் கீழே உறையும் என்பதால் நீ அனுப்பியது பாட்டிலோடு வெள்ளைக் கல்லாக நிற்கிறது. குறுகிய வாய், கரண்டி நுழையாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தால் ஓரம் முதலில் கண்ணாடி மாதிரி தெளிந்து, நடுவில் வெள்ளைத் திரி மட்டும் நின்று, அதுவும் கரைகிறது. மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலும் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் துணியால் துடைத்துவிட்டுத்தான் திறப்பேன். திரும்ப உறையும்போது மணல் மணலாக இருந்தால் கெட்டதாக அர்த்தமில்லை.

பக்கத்து வீட்டு பிலிப்பீன்ஸ் பாட்டியை லோலா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவர்கள் மொழியில் பாட்டி. விடியற்காலை ஐந்துக்கே என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிறார், நன்றி சொன்னால் முறைக்கிறார். அவரும் தேங்காய்ப்பால் காய்ச்சித்தான் எண்ணெய் எடுக்கிறார், நம் அம்மாயி மாதிரியே. நான்கு காயின் பால், சிறு தீ, ஒன்றரை மணி நேரம். சலசலப்பு அடங்கி, அடிக்கசடு பொன்னிறமானதும் உடனே இறக்கி வடிகட்ட வேண்டும். கருகினால் எண்ணெயெல்லாம் தீய்ந்த வாடை. ஆறுவதற்குள் மூடினால் ஆவி வேர்த்து உள்ளே சொட்டும். கசடை லாட்டிக் என்கிறார்கள், அரிசிப் பலகாரத்தின் மேல் தூவுவார்கள். ஒரு கிண்ணம் கொடுத்தார். வாயில் போட்டதும் நம் களத்தில் காயும் கொப்பரையின் மணம் வந்தது. அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை அம்மா.

அம்மாயி குதிகால் வெடிப்புக்கு: வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுவிடு. எண்ணெய் தோலுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். வறண்ட காலில் தேய்த்தால் மினுமினுப்பு மட்டுமே. ரத்தம் கசியும் வெடிப்பென்றால் டாக்டரிடம் காட்டு, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது.

வேலையில் எல்லாருக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், நல்ல ஓய்வு. நகைக்கடன் வட்டிப் பணம் இந்த முறை மாதக் கடைசியில் வரும் என்று அண்ணனிடம் சொல். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, பார்க்கிறேன். தோப்பில் வெள்ளை ஈ எப்படி இருக்கிறது, அப்பா ஒன்றுமே எழுதவில்லையே? காய் விலை ஏறும் வரை கொப்பரையை வைத்திருக்கச் சொல், ஆனால் ஈரக் கொப்பரையை மூட்டை கட்டவேண்டாம், பூசணம் பிடிக்கும். அடுத்த முறை எண்ணெயை அகல வாய் டப்பாவில் போட்டு அனுப்பு.

உன் மகள்,
கலா