முல்தான் ருக்னே ஆலம் மக்பரா: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பாகிஸ்தானின் முல்தான் நகரில் உள்ள சூஃபி ஞானி ஷாஹ் ருக்னே ஆலம் அவர்களின் மக்பராவில் (அடக்கத்தலக் கட்டடத்தில்) 1971-இல் தொடங்கிய சீரமைப்பு, 1977-இல் நிறைவுற்றது.

1320-24 ஆண்டுகளில் எழுந்த இந்த எண்கோணக் கட்டடம் முழுக்கச் செங்கல். உள்விட்டம் 51 அடி 9 அங்குலம். சுவர்க் கனம் 13 அடி 3 அங்குலம். மேலே சிறிய எண்கோண அடுக்கு, அதைச் சுற்றிப் பாங்கு சொல்ல ஒரு குறுகிய நடை, அதற்கும் மேல் 58 அடி வெளிவிட்டக் குவிமாடம். கட்டடத்தின் மொத்த உயரம் 100 அடி.

குவிமாடம் சுவரை வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் சுவர்களை உள்நோக்கிச் சரித்து, மூலைகளில் மேலே சிறுக்கும் தூண்களை வைத்து, செங்கல் வரிசைகளுக்கு நடுவே ஈட்டி வகையைச் சேர்ந்த ஷீஷம் மரச் சட்டங்களைப் பட்டையாகப் பதித்தார்கள். மரம் உளுத்தால் அந்த இடம் பொந்தாகி, மேல் வரிசை அமர்ந்து, படுக்கைவாக்கில் வெடிப்பு ஓடும். சட்டத்தைத் துண்டு துண்டாகத்தான் மாற்ற வேண்டும். ஒரே மூச்சில் உருவினால் சுவருக்குக் கட்டே இருக்காது.

அதிகப் பொறுமை கேட்டது காஷி எனப்படும், மெருகேற்றிய வண்ண ஓடுகளைச் சுவரில் பதிக்கும் வேலை. கருநீலம், வான்நீலம், வெள்ளை என்ற மூன்றே நிறங்கள். கருநீலத்துக்குக் கோபால்ட், வான்நீலத்துக்குச் செம்பு, வெள்ளைக்கு வெள்ளீயம். இங்குள்ள கோலங்கள் தட்டையானவை அல்ல. செங்கல் தளத்திலிருந்து அரை அங்குலம் முதல் 2 அங்குலம் வரை புடைத்து நிற்பவை. வெயில் சாயச் சாய நிழலும் கோலத்தோடு சேர்ந்து நகரும். இந்த மக்பராவின் அழகே அதுதான். தட்டை ஓடு ஒட்டினால் நிறம் வரும், நிழல் வராது. இந்தக் கைவேலை அருகிப் போயிருந்ததால், காஷி, சுட்டமண், மரச்செதுக்கு மூன்றிலும் கைவினைஞர்களைப் பழக்கியே பணி நடந்தது.

ஓடு கழல்வதற்குப் பெரும்பாலும் உப்பே காரணம். அடியிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். ஈரம் காய, மெருகுக்குப் பின்னால் உப்பு பூத்து அதைப் பெயர்க்கும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி ஓட்டின் பக்கமே திரும்பும். அதனால் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த காரைதான் பொருந்தும். முல்தான் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்து பொடிந்துவிடும்; ஈரச் சாக்குப் போர்த்தி மெல்ல இறுக விட வேண்டும்.

இனிப் பராமரிப்பு: சுவரடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். புடைப்புகளின் மேல் படியும் புழுதியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ஓடு விழுந்தால் உடைசலையும் எறியாமல், விழுந்த இடத்தைக் குறித்து எடுத்து வையுங்கள். அச்சும் நிறமும் அதைப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.