வேலூர்க் குழுவுக்கு ஒரு பதக்கம்: அறிவியல் விருதுக் குழுவுக்குத் திறந்த மடல்

ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை. ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய் உள்ள ஒரு பையனுக்குத் தாய்மாமன், அவ்வளவுதான். முட்டிக்குள் ரத்தம் கசியத் தொடங்கினால் "மாமா, உள்ள சூடா இருக்கு" என்பான். கொஞ்ச நேரத்தில் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிடும். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தை ஊசியாகப் போட வேண்டும். ஒருமுறை ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஃபேக்டர் ஸ்டாக் இல்லை, காலையில வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். தமிழ்நாட்டில் ஃபேக்டர் 8 அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூட்டு, ஸ்டாக் வரும்வரை காத்திருப்பதில்லை. "என் வழியாத்தானே அவனுக்கு வந்துச்சு" என்று அக்கா இன்னமும் புலம்புகிறாள்.

அதனால்தான் 2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி.யின் ஹீமோபிலியா மரபணு சிகிச்சை முடிவுகள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தபோது, பாதி புரியாமலே அந்தச் செய்தியை நாலு தடவை படித்தேன்.

புரிந்த வரையில் சொல்கிறேன். நோயாளியின் ரத்தத்திலிருந்து அவருடைய ஸ்டெம் செல்களையே, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை, பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்கும் சக்தி நீக்கப்பட்ட லென்டிவைரஸ் ஒன்றின் முதுகில் ஏற்றி, ஃபேக்டர் 8 மரபணுவை அந்தச் செல்களுக்குள் அனுப்புகிறார்கள். கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் ஒதுக்கியபின் செல்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள். அப்புறம் அவற்றிலிருந்து உருவாகும் ரத்த அணுக்களே ஃபேக்டரைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற ஹீமோபிலியா ஏ மரபணு சிகிச்சை வேறு வகை வைரஸைக் கல்லீரலுக்கு அனுப்புவது. அந்த வைரஸுக்கு உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பவர்களுக்கு அது ஆகாது. அறிமுகமானபோது அதன் விலையோ 29 லட்சம் டாலர். வேலூரில் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்து பேர். செல்கள் ஊன்றிய பிறகு, கண்காணித்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

ஐந்தே பேர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். மரபணு வேண்டாத இடத்தில் போய் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை, நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்காகப் பாரிஸில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்குப் பின்னால் ரத்தப் புற்றுநோய் வந்தபோது உலகம் பார்த்தது. அதனால்தான் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்கச் சொல்கிறார்கள். இது முடிந்த கதை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அதுவரை விருதை நிறுத்திவைத்தால், வாங்க வேண்டியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள்.

உங்களிடம் விஞ்ஞான் டீம் என்ற குழு விருது இருக்கிறது. 2024இல் முதல்முறையாக அதைச் சந்திரயான்-3 குழுவுக்குக் கொடுத்தீர்கள், சரியான தேர்வு. அந்த விருதுக்குத்தான் இந்தக் குழுவையும் பரிசீலிக்கக் கேட்கிறேன். இந்த ஆய்வை வழிநடத்திய டாக்டர் அலோக் ஸ்ரீவத்சவாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரோடு வேலூர் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் செல்களைப் பிரித்தவர்கள், கிருமி அண்டாத அறையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு அவற்றை வளர்த்தவர்கள், கீமோவுக்குப் பின் காய்ச்சல் வருகிறதா என்று ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்ட நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்ததுதான் குழு. இதில் கைகோத்த அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் பங்கையும் மறைக்க வேண்டாம். அதேபோல், 1986 முதல் வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்து பழகிய கைகள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் மேடையில் எப்போதும் ஒரே ஆளைத்தான் பார்க்கிறோம்.

இன்னொரு வேண்டுகோள். அந்த ஐந்து பேர். ஃபேக்டர் ஊசியிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம், இருந்தும் யாரும் போகாத பாதையில் கீமோவுக்குக் கை நீட்டினார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. விருதுச் சான்றிதழில் அவர்களைப் பற்றி ஒரு வரி, பெயர் இல்லாமல், சேர்த்துவிடுங்கள். என் அக்கா மகனுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்