ஏற்காட்டு மசாலாக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் மிளகும் மஞ்சளும் காபித்தூளும் விற்கும் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சேலத்தில் மருந்துக்கடை நடத்துகிறவன். அப்பா கெங்கவல்லிப் பக்கம் மஞ்சள் போட்டவர். வேகவைத்து, காயவைத்து, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து லீ பஜார் மண்டிக்கு மூட்டை ஏற்றிய வீடு எங்களுடையது. மஞ்சளைக் குறை சொல்ல வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அண்மையில், காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மலைக்குப் போனபோது வாங்கியதாம். மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்சூல். கல்லீரலைக் காக்கும், எலிகளில் நிரூபணமானது என்று லேபிளில் பச்சை எழுத்து. “டி.பி. மாத்திரை ஈரலைக் கெடுக்கும்ங்கறாங்க, இதையும் சேத்துப் போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டார். வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எலிகளில் கண்டது பொய்யில்லை. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயன விஷம் கொடுத்த எலியின் ஈரல் செல்கள் சிதைந்து, அவற்றிலுள்ள நொதிகள் ரத்தத்தில் எகிறும். மஞ்சளில் இருக்கும் முக்கியச் சத்தான குர்குமினை முன்கூட்டியே கொடுத்த எலிகளில் இந்தச் சேதம் குறைகிறது. பல ஆய்வகங்கள் இதைப் பார்த்திருக்கின்றன. ஆனால் அளவைக் கவனியுங்கள். கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் வரை சாதாரணமாகக் கொடுக்கிறார்கள். எலிக்கணக்கை மனிதக் கணக்காக்க 6-ஆல் வகுத்தாலும், 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். அப்படியானால் தினமும் 65 கிராமுக்கு மேல் தூள்! எந்த வீட்டுக் குழம்பில் அவ்வளவு விழும்? அதோடு, ஆய்வக எலிக்குத் திடீரென்று ஏற்றியது விஷம். நம் ஆட்களின் ஈரல் குடியாலும் கொழுப்பாலும் வருஷக்கணக்கில் கெடுவது.

எனக்குப் பெரிய கவலை அந்த மிளகுச் சத்துதான். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், மிளகின் பைப்பெரினைச் சேர்த்ததும் குர்குமின் ரத்தத்தில் சேரும் அளவு எலிகளில் 154 சதவீதம் கூடியது. மனிதர்களில் 2000 சதவீதம். எலி தாங்கியதை வைத்து மனிதனும் தாங்குவான் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 10 பேரில் 5 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பரிசோதித்த 7 மாத்திரைகளில் 3-ல் பைப்பெரின் இருந்தது. அந்த 10 பேரில் 7 பேருக்கு ஒரே மரபணு வகை. யாருக்கு அது இருக்கிறது என்று கடையில் நின்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

சமையல் மஞ்சளையும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் காய்க்கிற நம் மலை மிளகையும் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். நானும் உங்களிடம்தான் மிளகு வாங்குகிறேன். கேப்சூல் டப்பாக்களை மட்டும் “ஈரலுக்கு நல்லது” என்று சொல்லி நீட்டாதீர்கள். காமாலை வந்தவரா, காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஆமென்றால் விற்காதீர்கள். எலியைக் காட்டி லேபிள் அடித்த சரக்கு வந்தால், அனுப்பியவருக்கே திருப்பி விடுங்கள்.