விலை போகும் பட்டையே கார்க் ஓக் காட்டுக்குக் காவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரத்திலிருந்து கிடைக்கும் எதையும் வாங்காமல் இருந்தாலே காடு பிழைத்துவிடும் என்ற எண்ணம் சுற்றுச்சூழலில் அக்கறை கொண்ட நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பல மரங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் கார்க் ஓக் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்து, புட்டி அடைக்கவும் பிறவற்றுக்கும் பயன்படுத்தும் இயற்கைத் தக்கையையும் அதே கணக்கில் சேர்த்து, அதன் இடத்தில் பிளாஸ்டிக் நுரையும் அலுமினிய மூடியும் வந்துவிட்டால் மரங்கள் தப்பிக்கும் என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்கையில் மனம் பொறுக்கவில்லை. பள்ளியில் தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையில், தக்கை தரும் கார்க் ஓக் காடுகள் இன்றுவரை நிற்பதற்கு முதற்காரணம் அவற்றின் பட்டைக்கு விலை இருப்பதுதான் என்பதை வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

கார்க் ஓக் மரம் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதிக்கு உரியது. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய ஏழு நாடுகளில் ஏறத்தாழ 21 லட்சம் ஹெக்டேரில் அது பரவியிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு போர்ச்சுகலில் இருக்கிறது. உலகில் கிடைக்கும் தக்கையில் ஏறக்குறைய பாதி அந்தச் சிறிய நாட்டிலிருந்தே வருகிறது. 1665ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 'செல்' என்று பெயரிட்ட சிறு அறைகள் இந்த மரத்தின் தக்கையில் இருந்தவைதாம். ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் ஏறக்குறைய 4 கோடி செல்கள் இருக்கின்றன. செல்சுவரில் படிந்திருக்கும் சூபரின் என்ற மெழுகுத் தன்மையுள்ள பொருள் நீரையும் காற்றையும் எளிதில் உள்ளே விடாது. உள்ளே அடைபட்டிருக்கும் வாயுவோ அழுத்தினால் சுருங்கி, விட்டால் விரியும்.

பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அது சரிதான், ஏனெனில் பெரும்பாலான மரங்களில் பட்டையோடு சேர்ந்து, இலைகள் தயாரித்த உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் புளோயம் திசுவும் போய்விடுகிறது. கார்க் ஓக் மரத்தில் நிலைமை வேறு. அதன் தக்கைக் கேம்பியம் என்ற வளர்திசு ஆண்டுதோறும் வெளிப்புறமாகத் தக்கைச் செல்களை அடுக்கிக்கொண்டே போவதால், விரல்கள் அளவு தடித்த ஒரு மேலுறை உருவாகிறது. அந்த உறை உயிரற்றது. பக்குவமாக எடுத்தால் அதற்குள் இருக்கும் புளோயம் சேதமின்றித் தங்கிவிடும். அதன் மேற்பரப்பிலேயே புதிய தக்கைக் கேம்பியம் உருவாகி, அடுத்த உறையை அடுக்கத் தொடங்கும்.

அந்தப் பக்குவம் எளிதில் கைவருவதில்லை. கேம்பியம் சுறுசுறுப்பாக இயங்குவதால் தக்கை இளகிப் பிரியக்கூடிய மே மாதப் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் உரிப்புக் காலம். பெரும்பாலும் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு மரத்தில் வேலை செய்கிறார்கள். பட்டையில் ஏற்கெனவே இருக்கும் ஆழமான வெடிப்பைத் தேடி, அதன் வழியே நெடுக்காகக் கோடரியை இறக்குகிறார்கள். பின்பு கோடரியின் விளிம்பைச் சற்றே திருகி, உள்ளிருந்து தக்கை பிரிகிறதா என்று பார்க்கிறார்கள். வெட்டு விழும் ஓசையைக் கொண்டே அது எளிதாகக் கழன்று வருமா, ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்குமா என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். பிறகு எவ்வளவு உயரம் வரை உரிக்கலாமோ அங்கே குறுக்காக ஒரு வெட்டு. கோடரிக் காம்பின் ஆப்பு போன்ற முனையை உள்ளே செருகி நெம்பினால், ஆளுயரப் பலகை ஒன்று முழுதாகக் கையோடு வரும். வெட்டு சற்று ஆழமாகிவிட்டால் உள்ளிருக்கும் உயிர்த்திசு காயப்பட்டு, அந்த வடு மரத்தின் ஆயுள் முழுதும் நிற்கும். அதனால்தான் இந்த வேலைக்கு இன்னும் இயந்திரம் முழுமையாக வந்து சேரவில்லை. ஐரோப்பிய வேளாண் வேலைகளிலேயே அதிகக் கூலி பெறுவோரில் இவர்களும் அடங்குவர். உரித்த அடிமரம் முதலில் வெளிறிய நிறத்தில் இருந்து, சில நாட்களில் காவியாகி, பின்பு கருஞ்சிவப்பாகிறது. அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்கள். 2024இல் உரித்த மரமென்றால் '4' என்றிருக்கும். அடுத்து எப்போது அந்த மரத்தில் கோடரி படலாம் என்பதை வழிப்போக்கனும் கணக்கிட்டுவிடலாம்.

போர்ச்சுகல் சட்டப்படி இரண்டு உரிப்புகளுக்கு நடுவே குறைந்தது 9 ஆண்டுகள் கழிய வேண்டும். தரையிலிருந்து 1.30 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டரை எட்டும்வரை முதல் உரிப்புக்கே அனுமதி கிடையாது; அதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். அப்போது கிடைக்கும் கன்னித்தக்கை கரடுமுரடானது. அரைத்துப் பலகையாக்க மட்டுமே உதவும். இரண்டாம் உரிப்பும் அப்படித்தான். மூன்றாம் முறை, அதாவது மரம் நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் புட்டி அடைக்கத் தகுந்த தக்கை கிடைக்கிறது. பனை வைத்தவன் பார்த்துச் சாவான், தென்னை வைத்தவன் தின்று சாவான் என்பார்கள் நம் ஊரில்; கார்க் ஓக் நடுபவர் பனை வைத்தவரின் நிலையில் இருக்கிறார். அவர் பேரன் காலத்தில்தான் அதற்கு நல்ல விலை வரும். ஆனால் வரத் தொடங்கிவிட்டால் நிற்பதில்லை. லிஸ்பனுக்குத் தெற்கே ஆகுவாஸ் டி மௌரா என்ற ஊரில் 1783இல் நடப்பட்ட ஒரு கார்க் ஓக் இன்னும் பட்டை தருகிறது. 1991ஆம் ஆண்டின் ஒரே உரிப்பில் 1,200 கிலோ தக்கை தந்த மரம் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அடைப்பான்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 2018இல் ஐரோப்பாவின் அவ்வாண்டுக்குரிய மரமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

போர்ச்சுகலின் தெற்கே அலென்தெஜோ பகுதியில் 'மொண்டாடோ' என்றும், எல்லை கடந்து ஸ்பெயினில் 'தெஹேசா' என்றும் அழைக்கப்படும் நிலங்கள், நாம் காடு என்றதும் மனத்தில் எழும் அடர்ந்த காட்சியைச் சேர்ந்தவை அல்ல. மரங்கள் விலகி விலகி நிற்கும். கீழே ஆடும் மாடும் மேயும். ஓக் கொட்டைகள் உதிரும் பருவத்தில் கரும்பன்றிகள் அவற்றைத் தின்று கொழுக்கும். காளானும் தேனும் மூலிகையும் கிடைக்கும். மனிதர் நூற்றாண்டுகளாகப் பேணி வந்த காடு இது. ஐரோப்பாவின் உயிர்வளம் மிகுந்த நிலங்களில் ஒன்றாக இது விளங்குவதற்கும் அந்தப் பேணுதலே காரணம். ஐபீரிய அரசக் கழுகு, கருநாரை, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து கொட்டை பொறுக்கும் கொக்குகள் எல்லாம் இங்கே உண்டு. 2002இல் நூற்றுக்கும் குறைவாகிவிட்டிருந்த ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை 2023 கணக்கெடுப்பில் 2,000ஐத் தாண்டியிருக்கிறது. அந்த மீட்சியின் பெருமை, அடைப்பிடத்தில் இனம் பெருக்கிக் காட்டில் விட்டவர்களுக்கும் முயல்களைப் பெருக்கியவர்களுக்கும் உரியது. ஆயினும், விடுவதற்கு ஒரு காடு மீதியிருக்க வேண்டுமல்லவா?

இந்தக் காட்டில் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமையாளருக்குப் பட்டையால் வருமானம் இருந்தால் புதரை அகற்றுவார், ஆள் வைத்துக் காப்பார், புதுக்கன்றுகளுக்கு வேலி போடுவார். வருமானம் போனால் நிலத்தைக் கைவிடுவார், அல்லது பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காகித ஆலைக்கு வெட்டித் தரக்கூடிய தைல மரத்தைப் பற்றி யோசிப்பார். கைவிட்ட நிலத்தில் புதர் மண்டும். கோடையில் தீ பரவும். கார்க் ஓக் தீயைத் தாங்கும் மரம். அதன் தடித்த பட்டை இயற்கை கொடுத்த கவசம். தீக்குப் பின் கிளைகளிலேயே மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் ஐரோப்பிய மரங்களில் அரிது. ஆனால் புதிதாக உரித்த மரத்துக்கு அந்தக் கவசம் இராது என்பதால், மண்டிய புதரும் உரித்த அடிமரமும் ஒரே நிலத்தில் இருப்பது பேராபத்து.

இது வெறும் ஊகமன்று. தக்கைத் தொழிலின் வருமானத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 சதவீதம், ஒயின் புட்டிகளின் அடைப்பான்களிலிருந்து வருகிறது. மதுவுக்கு ஆதரவாக ஒரு சொல்லும் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் காட்டின் கணக்கைப் பேசும்போது இந்த உண்மையை மறைக்க முடியாது. 1980களிலும் 1990களிலும் தக்கை அடைத்த புட்டிகளில் ஈர அட்டை நாற்றம் வீசுவதாகப் புகார்கள் பெருகின. டிசிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மம் அதற்குக் காரணம். குளோரின் கலந்த சேர்மங்களும் பூஞ்சையும் சந்திக்கும் இடத்தில் அது உருவாகிறது. குறை உண்மையானதுதான்; அதைத் தக்கை ஆலைகள் நெடுங்காலம் அலட்சியப்படுத்தியதும் உண்மைதான். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஒயின் தயாரிப்பாளர்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருகு மூடிக்கு மாறினார்கள். பிளாஸ்டிக் அடைப்பான்களும் வந்தன. 2006இல் உலக இயற்கை நிதியமான டபிள்யூ.டபிள்யூ.எஃப், தக்கையின் சந்தை இப்படியே சரிந்தால் பத்தாண்டுகளில் மேற்கு மத்தியதரைப் பகுதியின் கார்க் ஓக் காடுகளில் முக்கால் பங்கு வரை பறிபோகலாம் என்று எச்சரித்தது. காடுகளைக் காக்கும் ஓர் அமைப்பே மரப்பட்டையை வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்ட அரிய தருணம் அது. எச்சரித்த அளவுக்கு இழப்பு நேரவில்லை. ஆலைகள் குளோரின் கழுவலைக் கைவிட்டு, நீராவியால் சுத்தம் செய்து, உயர்ரக அடைப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கியதால் சந்தை மீண்டது. போர்ச்சுகலின் தக்கை ஏற்றுமதி இப்போது ஆண்டுக்கு 100 கோடி யூரோவைக் கடந்திருக்கிறது.

விலை இருந்தால் மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. இன்று இக்காடுகளை அரிக்கும் நோய்கள் பல. அடிக்கடி வரும் வறட்சியால் தளர்ந்த மரங்களின் வேர்களை, ஃபைட்டோப்தோரா என்ற மண்ணுயிரி அழுகச் செய்கிறது. கலப்பையை ஆழமாக ஓட்டும்போது மேல்வேர்கள் அறுபடுகின்றன. எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது, பல இடங்களில் கிழமரங்கள் மட்டும் நிற்க, அவற்றின் கீழே இளங்கன்று ஒன்றுகூட இல்லாமல் இருப்பதுதான். முளைப்பதை எல்லாம் மாடு மேய்ந்துவிடுகிறது. மொராக்கோவில் ரபாத் நகரையொட்டிப் பரந்திருக்கும் மாமோரா காடு, உலகின் மிகப் பெரிய கார்க் ஓக் காடுகளில் ஒன்று. அங்கே மிகுமேய்ச்சலும் விறகு வெட்டுதலும் ஓக் கொட்டைகளைத் தின்பண்டமாகப் பொறுக்கி விற்பதும் சேர்ந்து காட்டைச் சுருக்கியிருக்கின்றன. வறிய மக்களின் பிழைப்பு அதில் கலந்திருப்பதால், வேலி போட்டுவிட்டால் தீர்ந்தது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

போர்ச்சுகலில் 2001ஆம் ஆண்டின் சட்டம் அனுமதியின்றி ஒரு கார்க் ஓக்கைக்கூட வெட்டத் தடை விதிக்கிறது. 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைத் தேசிய மரமாக அறிவித்தது. அப்படிப்பட்ட நாட்டிலேயே, 2023இல் சினெஸ் பகுதியில் காற்றாலைப் பூங்கா ஒன்றுக்காக 1,821 கார்க் ஓக் மரங்களை வெட்ட அரசு அனுமதித்தது. ஈடாக வேறிடத்தில் கன்றுகள் நடுவோம் என்றார்கள். காற்றாலை வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். ஆயினும் இன்று நடும் கன்று பட்டை தரவே கால் நூற்றாண்டும், நல்ல தக்கை தர நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆகும்போது, அதை வளர்ந்த மரத்துக்கு ஈடென்று கணக்கெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காலநிலைக்காகச் செய்யும் வேலைக்கு, வறண்ட மண்ணைப் பிடித்து நிற்கும் மரங்களைப் பலி கொடுக்காத இடத்தைத் தேடுவதே முறை.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கிரிக்கெட் தோல்பந்தின் நடுவே இருக்கும் உருண்டை தக்கையால் ஆனது. நல்ல இறகுப்பந்தின் தலைப்பகுதியும் தக்கையே. கார்க் ஓக் நம் நாட்டில் வணிக அளவில் வளர்வதில்லை என்பதால், நம் விளையாட்டுத் திடல்களுக்கு வரும் இயற்கைத் தக்கை அந்தக் காடுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். விலை மலிந்த இறகுப்பந்துகளில் தக்கையின் இடத்தைச் செயற்கை நுரை பிடித்துவிட்டது. வீடு கட்டுவோர் கூரையில் வெப்பத்தடுப்புக்குத் தெர்மாகோல் பதிக்கிறார்கள். தக்கைத் துகள்களை நீராவியில் சூடாக்கினால் அவற்றின் சொந்தப் பிசினாலேயே ஒட்டிப் பலகையாகிவிடும், பசையே தேவையில்லை என்பது நம் கட்டடப் பொறியாளர் பலருக்கு எட்டவில்லை. அடைப்பான் துளைத்தது போக மிஞ்சும் கழிவும் அரைக்கப்பட்டுப் பயனாகிறது. எஞ்சும் தூளும் ஆலைக் கொதிகலனில் எரிபொருளாகிறது. கடல் கடந்து வருவதால் விலை கூடுதல்தான். எல்லோரும் வாங்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வாங்க வசதியுள்ளவர்கள், மரத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு பிளாஸ்டிக்குக்குப் போக வேண்டாம் என்றே கேட்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள் வணிகர்களுக்கு உரியது. தக்கை போன்ற வடிவம் அச்சிட்ட வினைல் தரைவிரிப்புகளும் 'கார்க்' என்ற பெயரிலேயே கடைகளில் கிடைக்கின்றன. யோகா விரிப்புகளில் மேலே மெல்லிய தக்கை ஏடும் அடியில் ரப்பரும் இருப்பது உண்டு. எதில் எத்தனை பங்கு இயற்கைத் தக்கை என்பதை உறையின் மேலேயே தெளிவாக அச்சிட வேண்டும், எஃப்.எஸ்.சி. போன்ற காட்டு மேலாண்மைச் சான்று உள்ள தக்கையாக இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் இது குறித்து விளையாட்டுப் பொருள் விற்பனையாளர்களிடமும் கட்டுமானப் பொருள் இறக்குமதியாளர்களிடமும் கேட்டு ஒரு செய்தி வெளியிட்டால், என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கும்பகோணம்.