பேரு குடுக்கவா வேணாமான்னு கேட்டியே

கண்ணா,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு அப்பா சரியா பதில் சொல்லல, அம்மா பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. உங்க ஷிப்ட் ஆளுங்க உன்ன யூனியன் பிரதிநிதியா நிக்கச் சொல்றாங்க, பொழைக்க வந்த எடத்துல நமக்கெதுக்கு இந்த வம்புன்னு அவ சொல்றா. ராத்திரி பூரா தூக்கம் வரல, அதான் எழுதறேன்.

போன தடவ அடிலெய்டுலேந்து உங்க சுரங்க ஊரு ப்ரோக்கன் ஹில்லுக்கு உன்னப் பாக்க வந்தப்போ வழியில ரிவர்ட்டன்ல கார நிறுத்தினேன். அந்த ஸ்டேஷனுக்கு இப்ப ரயிலே வர்றதில்ல. 1921 மார்ச் 22, ப்ரோக்கன் ஹில் ரயில் அங்க நின்னப்போ ஒருத்தன் துப்பாக்கிய எடுத்து கூட்டத்தப் பாத்து சுட ஆரம்பிச்சிட்டான், எல்லாரும் ஓடி ஒளியறாங்க, ஒரு ஆளு மட்டும் அவன் கையில இருந்து துப்பாக்கிய புடுங்கப் போனாரு. குண்டடி பட்டு செத்துட்டாரு. பெர்சி ப்ரூக்ஃபீல்ட், உங்க ஊரு எம்.எல்.ஏ.

இங்கிலாந்துல லிவர்பூல் பக்கம் பொறந்தவரு, சின்ன வயசுலயே கப்பல் வேலைக்குப் போயி, ஆஸ்திரேலியாவுல எறங்கி ஊரூரா வேல தேடி அலைஞ்சு கடைசில உங்க ஊர் சுரங்கத்துக்கு வந்து சேந்தாரு. அவரும் பொழைக்க வந்தவருதான்டா. முதல் உலகப் போருக்கு ஆள கட்டாயமா புடிச்சு அனுப்பக்கூடாதுன்னு ஊர் முழுக்கப் பேசினாரு, அதுக்காக வழக்கெல்லாம் வந்துச்சு, ஆனா 1917ல அதே ஜனங்க அவர நியூ சவுத் வேல்ஸ் சட்டசபைக்கு அனுப்பி வெச்சாங்க.

சாவ விட எனக்குப் பெருசா படறது 1920தான். அந்த வருஷ தேர்தல்ல லேபர் கட்சிக்கு தனி மெஜாரிட்டி கெடைக்கல, அரசாங்கம் நிக்கறதுக்கு இவரு ஓட்டு வேணும். அப்படி ஒரு ஆளு என்ன வேணா கேட்டிருக்கலாம் இல்லையா? இவரு கேட்டது, 1916ல தீவெப்பு சதின்னு உள்ள தள்ளின 12 தொழிலாளிங்களோட வழக்க திரும்ப விசாரிக்கணும்னு. நீதிபதி விசாரிச்சாரு, 10 பேரு வெளிய வந்தாங்க.

அதே சமயம் ப்ரோக்கன் ஹில்லுல 18 மாச ஸ்ட்ரைக். தூசியில நுரையீரல் போன ஆளுங்க, ரேஷன வெச்சு ஓட்டின குடும்பங்க. முடிவுல பூமிக்கடியில வேல செய்யறவங்களுக்கு வாரத்துக்கு 35 மணி நேரம்னு ஆச்சு, நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடும் வந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடிடா! அத யாரும் தூக்கிக் குடுக்கல.

உங்க ஊரு குன்று மேல இருக்கற நினைவிடத்துக்கு என்ன கூட்டிட்டுப் போனியே, 800க்கு மேல பேரு, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எப்படி செத்தான்னு எழுதியிருக்கு. பாறை விழுந்து, பாறை விழுந்துன்னு திரும்பத் திரும்ப. நீ ஒண்ணும் பேசாம ஒவ்வொண்ணா விரல் வெச்சு படிச்சிட்டே போன, அம்மா கார்லயே உக்காந்துட்டா, கீழ எறங்கவே இல்ல. அவ பயம் எனக்கும் புரியுது, ஆனா நீ படிச்சத நான் பாத்தேன்.

ஞாயித்துக்கெழம அம்மாகிட்ட நானே பேசிக்கறேன். நீ பேர குடு.

அப்பா