சின்னம்மாவின் கேள்வியும் என் இங்கிலீஷ் கட்டுரையும்

பாம்பன்

அன்புத் தோழிக்கு,

நீ கோயம்புத்தூர் போனதிலிருந்து போனில் பேசுகிறோம் என்றுதான் பேர். பாதிப் பேச்சில் உனக்கு வார்டு டியூட்டி வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் எனக்கு ராமநாதபுரம் பஸ் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்று ஓயாமல் வீசுகிறது. தென்கடல் கொந்தளிப்பாகவே இருக்கிறது. ரோட்டுப் பாலத்தில் நின்றால் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகிறது, தெரியும்தானே? 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் திரும்ப வந்தது. தீபாவளிக்கு வரும்போது நீ மண்டபத்தில் இறங்கி பஸ் தேட வேண்டாம். மதுரையில் பாசஞ்சர் ஏறினால் பாம்பனிலேயே இறங்கிவிடலாம்.

ஒரே கட்டுரையை எத்தனை நாள்தான் எழுதுவீர்கள், இங்கிலீஷ் வகுப்பில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய். அதைத்தான் இப்போது விலாவாரியாகச் சொல்லப்போகிறேன். பொறுமையாகப் படி.

நாம் பள்ளியில் கட்டுரை எழுதினது ஞாபகம் இருக்கிறதா? முதலில் சினாப்சிஸ், அப்புறம் இன்ட்ரொடக்ஷன், நடுவில் மூன்று பத்தி, கடைசியில் கன்க்ளூஷன். கொட்டேஷனுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. கைடில் இருப்பதை அப்படியே மனப்பாடம் பண்ணி ஒப்பித்தோம். திருத்தம் என்றால் ஆசிரியர் சிவப்புப் பேனாவில் ஸ்பெல்லிங்கைச் சுழிப்பது, அதை நாம் ஐந்து தடவை எழுதிக் காட்டுவது. அந்த முறையில்தான் பரீட்சையில் மார்க் வாங்கினோம். அதில் எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. ஆனால் நாம் என்ன நினைக்கிறோம் என்று அந்தக் கட்டுரைகள் ஒருநாளும் கேட்டதே இல்லை. இங்கே வந்து அந்தக் கேள்வியை எதிர்கொண்டபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இந்த வருஷம் எங்களுக்கு வந்திருக்கும் மேடம் முதல் நாளே ஒன்று சொன்னார். 'உங்கள் ஊரில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு விஷயத்தை எடுத்து எழுதுங்கள்' என்றார். நான் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்தேன். நம் கரையில் பிறந்தவளுக்கு அதைப் பற்றி எழுதவா தெரியாது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தமிழ்நாட்டில் 2001ல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017லிருந்து 61 ஆகிவிட்டது. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம், விசைப்படகு கடலுக்குப் போனால் வளம் அழிந்துவிடும், ஆகவே தடை அவசியம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். இலக்கணமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது.

மேடம் சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: 'இதை மறுத்துப் பேசுபவர் உங்கள் வீட்டில் யார்?' கட்டுரை முழுவதுக்கும் அந்த ஒரு வரிதான். இன்னொரு இடத்தில், 'மீன்பிடித்தல் தடைசெய்யப்படுகிறது' என்று செயப்பாட்டு வினையில் நான் எழுதியிருந்த வாக்கியத்தின் பக்கத்தில் 'யாருக்கு?' என்று மட்டும் போட்டிருந்தார்.

அந்த 'யாருக்கு' எவ்வளவு சரியான கேள்வி, பார். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்குக் கிடையாது. மாமாவின் வத்தை அந்த 61 நாளும் கடலுக்குப் போகும். விசைப்படகு மீன் வராததால் அவருக்கு நல்ல விலை கிடைக்கும். தடையை இன்னும் ஒரு மாதம் நீட்டினாலும் நல்லது என்பார். அப்பா விசைப்படகில் கூலிப் பங்குக்குப் போகிறவர். அவருக்கு அந்த இரண்டு மாதம் பெயின்ட் வேலைதான், ஆனாலும் தடை வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஒரே வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேர் ஒரே விஷயத்தில் இரண்டு விதமாக ஆமாம் என்கிறார்கள். என் கட்டுரையில் அந்த இரண்டு பேருமே இல்லை.

சரி, இவர்களைச் சேர்த்து அடுத்த ரஃப் காப்பி எழுதினேன். கையோடு எனக்குத் தெரிந்த தகவல் எல்லாவற்றையும் அதில் அடுக்கினேன். நம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக்கொண்டு போவது, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு விட்டுவைப்பது, மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பது, குடும்பத்துக்கு 5000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை 8000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தது, எல்லாம். எல்லாம் உண்மைத் தகவல்கள்தான். மேடம் படித்துவிட்டு, 'ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள்' என்றார். இந்த வேலையை நீயும் செய்து பார். உன் கேஸ் ரிப்போர்ட்டுக்கும் உதவும். எழுதிப் பார்த்தால் இரண்டு பத்திக்கு ஒரே வரிதான் வந்தது. ஒரு பத்திக்கு எந்த வரியும் வரவில்லை. அது மேற்குக் கடற்கரைப் பத்தி. பாம்பன்காரி எழுதும் கட்டுரையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. மனசே இல்லாமல்தான் அதை வெட்டினேன்.

அந்த வாரம்தான் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சின்னம்மா இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போகிறது, உனக்குத் தெரியும். ஐஸ் தண்ணியிலேயே கை கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து இருக்கும். இறால் முள் குத்தின இடத்தில் துணி சுற்றிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. தடைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கையை நிறுத்தாமலே சொன்னது:

'மீனு குஞ்சு பொரிக்கிறதுக்கு லீவு விடுறாக, சரி. வேணும்தான். எனக்கு லீவுச் சம்பளம் யாரு குடுப்பா?'

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு நடந்து வந்தேன். விசைப்படகு நின்றால் இறால் நிற்கும், இறால் நின்றால் கம்பெனி நிற்கும். நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு. சின்னய்யா கொத்தனார். ஆகவே அந்த வீட்டுக்கு எதுவும் கிடையாது. ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், லோடு ஏற்றுகிறவர் என்று கடலுக்கே போகாமல் கடலை நம்பி இருக்கிற எத்தனை வீடு! தடை சரியா தப்பா என்று நான் இவ்வளவு நாள் எழுதிக்கொண்டிருந்தது எல்லோரும் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்ட கேள்வி. உண்மையான கேள்வி, தடையின் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்பது. இதை எழுத உட்காரும்போது நான் நினைக்கவே இல்லை. ரஃப் காப்பியைத் திருப்பித் திருப்பி எழுதின இடத்தில்தான் அது எனக்குக் கிடைத்தது. இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல நினைத்ததே இதுதான்.

மேடமிடம் இதைச் சொன்னபோது அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் நான்சி சோமர்ஸ் என்ற ஆசிரியை 1980ல் வெளியிட்டது. கல்லூரிக்குப் புதிதாக வந்த 20 மாணவர்களையும், எழுதிப் பழகிய 20 பெரியவர்களையும் எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள், எடிட்டர்கள், பேராசிரியர்கள் அந்தப் பெரியவர்களில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பி எழுத வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் வார்த்தையைத்தான் மாற்றினார்கள். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதைவிட நல்ல சொல்லைப் போட்டால் திருத்தம் முடிந்தது என்று நினைத்தார்கள். பழகியவர்களோ தங்கள் வாதத்துக்கு என்ன வடிவம் என்று தேடுவதைத்தான் திருத்தம் என்றார்கள். படிக்கிறவர் எங்கே நின்று என்ன கேட்பார் என்பதை மனதில் வைத்துக்கொண்டே எழுதினார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கே அப்படித்தான் இருந்திருக்கிறது என்று கேட்டபோது எனக்குத் தெம்பாக இருந்தது. நமக்கு இங்கிலீஷ் வராததால்தான் கட்டுரை வரவில்லை என்று இவ்வளவு காலம் எண்ணியிருந்தோமே, அது பாதிதான் உண்மை.

இன்னொன்றும் சொன்னார். கட்டுரை என்ற வகையையே ஐரோப்பாவில் ஆரம்பித்து வைத்தவர் மொந்தேய்ன் என்ற பிரெஞ்சுக்காரர். 1580ல் முதலில் அச்சிட்டார், 1588ல் நிறையச் சேர்த்து மறுபடி அச்சிட்டார். அதற்கு அப்புறமும் விடவில்லை. அச்சான புத்தகத்தின் ஓரங்களில் 1592ல் சாகும் வரை எழுதிக்கொண்டே இருந்தாராம். அந்தப் பிரதி பொர்தோ நகர நூலகத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு ஆசை. போக முடியுமோ என்னவோ.

ஃபேர் காப்பிக்கு முன்னால் மேடம் இன்னொரு கேள்வி வைத்தார். இறால் கம்பெனிப் பெண்களுக்கும் நிவாரணம் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டாய், யார் யார் என்று எப்படிக் கணக்கெடுப்பாய், நாளைக்கு நானும் இறால் உரித்தேன் என்று வந்து நின்றால் என்ன செய்வாய் என்றார். மறுபடி சின்னம்மாவிடம் ஓடினேன். கம்பெனியில் ஒரு நீள நோட்டு இருக்கிறதாம். தினமும் பேர், தேதி, எத்தனை கிலோ என்று எழுதி, வாரக் கடைசியில் அதைக் கூட்டித்தான் கூலி போடுகிறார்கள். அந்த நோட்டே போதுமே! இத்தனை மாதம் வேலை செய்தவர் என்று அதை வைத்தே பட்டியல் எடுக்கலாம். இப்போது கட்டுரை அந்த நோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தடைக்கு முந்தின நாள் பக்கம் நிறையப் பேர், அடுத்த நாள் பக்கம் காலி. 61 நாளும் நிவாரணத் தொகையும் அதற்குப் பின்னால் வருகின்றன. முன்பு அவை வெறும் தகவலாக நின்றன. இப்போது அந்தக் காலிப் பக்கத்துக்குக் காரணம் சொல்கின்றன.

சாட்ஜிபிடியில் போட்டால் அரை நிமிஷத்தில் வந்துவிடுமே என்று நீ கேட்பாய். ஸ்பெல்லிங் பார்க்க மேடமே அனுமதித்திருக்கிறார், நானும் பார்க்கிறேன். ஆனால் முழுக் கட்டுரையை அதனிடம் கேட்டிருந்தால் என் முதல் ரஃப் காப்பியையே இன்னும் அழகான இங்கிலீஷில் தந்திருக்கும், நானும் திருப்தியாகக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன். அந்த நடையை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இங்கிலீஷ் பக்கமும் சொல்லிவிடுகிறேன். எழுதினதை போனில் நானே வாசித்துப் பதிவுபண்ணி, பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்கிறேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அந்த வாக்கியம் நீளம். எங்கே நானே ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பிக்கிறேனோ அந்தப் பத்தி வேண்டாதது. காலமும் படுத்துகிறது. சின்னம்மா தினமும் செய்கிற வேலையை நிகழ்காலத்தில் எழுத வேண்டும், அன்றைக்குச் சொன்னதை இறந்தகாலத்தில். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் கலந்துவிடுகிறது. அதை மட்டும் தனியாக ஒரு தடவை பார்க்கிறேன். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் அகப்படுவதில்லை.

இன்னும் முடியவில்லை. கடைசிப் பத்தி எனக்குப் பிடிக்கவில்லை. 'அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடிகிறது. அது நம் கைடு பேசுகிற குரல். அப்பாவும் மாமாவும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒரு வழியைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மாமாவிடம் பேசிப் பார்த்தேன். கம்பெனிப் பெண்களுக்குக் கொடுத்தால் மீனவருக்குக் குறைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். அதையும் கட்டுரையில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு பிரதியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். இங்கிலீஷைத் திருத்தாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த வரியில் உனக்கு அலுப்புத் தட்டியதோ அங்கே ஒரு கோடு, எந்த வரியில் 'இல்லை, அப்படி இல்லை' என்று சொல்லத் தோன்றியதோ அங்கே ஒரு கேள்வி போட்டு அனுப்பு. நீ கடலை விட்டு இரண்டு வருஷம் தள்ளி இருக்கிறாய், இறால் கம்பெனிக்குள் நுழைந்ததும் இல்லை. உனக்குப் புரியாத இடம் எனக்கு முக்கியம். அடுத்த மாதம் முதல் வாரம் ஃபேர் காப்பி கொடுக்க வேண்டும், அதற்குள் வந்தால் போதும். அம்மா உனக்குக் கருவாடு கொடுத்துவிடச் சொல்கிறது. ஹாஸ்டலில் விடுவார்களா என்று கேட்டு எழுது.

உன் தோழி